கேட்டவரின் தீர்ப்பைக் கணக்கிடுவது யார்?

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பொது முடக்கத்தால் நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரத்தில், டி-சீரிஸ் நிறுவனம் ‘மசக்களி 2.0’ என்ற ஹிந்திப் பாடலை யூடியூபில் வெளியிட்டது. 2009-இல் வெளிவந்த ‘தில்லி-6’ திரைப்படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து, பிரசூன் ஜோஷி எழுதி, மோஹித் சௌஹான் பாடிய பாடலின் மறு ஆக்கம் அது. சாந்தினி சௌக்கை உள்ளடக்கிய பழைய தில்லியின் அஞ்சல் குறியீட்டையே பெயராகக் கொண்ட படம். அங்குள்ள மொட்டை மாடிகளில் வளர்க்கப்படும் புறாக்களில் ஒன்றைப் பற்றிய பாட்டு. தலைநகரவாசிகள் தங்களுடையது என்று உரிமை கொண்டாடும் பாடல்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

மறு ஆக்கம் வெளியான சில மணி நேரத்துக்குள் ரசிகர்கள் தீர்ப்பெழுதத் தொடங்கிவிட்டனர். அசலைக் கெடுத்துவிட்டார்கள் என்பதே பெரும்பாலோரின் தீர்ப்பு. எவரையும் எளிதில் கடிந்து பேசாத ரஹ்மான், அசல் பாடலைக் கேட்டு மகிழுங்கள் என்று ட்விட்டரில் பதிவிட்டார். குறுக்கு வழியின்றி, 200-க்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்களின் உழைப்பாலும் உறக்கமற்ற இரவுகளாலும் உருவானது அசல் என்று அவர் நினைவூட்டியதில் கோபம் வெளிப்படையாகவே தெரிந்தது. ஜோஷியும் சௌஹானும் தங்கள் வருத்தத்தைத் தெரிவித்தனர். தேவையின்றி வெளியே சுற்றுவோரை ஓர் அறையில் அடைத்து இந்தப் பாடலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவோம் என்று ஜெய்ப்பூர் காவல் துறை கேலியாக எச்சரித்தது. ஒரு பாடலுக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் கிடைப்பது அரிது.

ஆனால், இதனால் நிறுவனத்துக்கு நேர்ந்த இழப்பு என்ன? அந்தக் காணொளியின் பார்வை எண்ணிக்கை கோடிகளைத் தாண்டிச் சென்றது. ரஹ்மானுக்கு அப்படி என்ன கோபம் என்று அறிந்துகொள்ள வந்தவரும் அதில் ஒரு பார்வையைக் கூட்டினார். இரண்டு நிமிடம் கேட்டு முகம் சுளித்துக் கண்டித்து எழுதியவரும் கூட்டினார். இந்தக் கட்டுரையாளரும் அன்று அதைத்தான் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டனமும் பாராட்டும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்படும் விசித்திரம் இணையத்துக்கே உரியது.

பாட்டின் தரத்தைப் பற்றிய பேச்சு பொழுதுபோக்குப் பக்கத்துக்கு உரியது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்த எண்ணிக்கையின் பின்னால் பணம் இருக்கிறது. பார்வை பெருகினால் விளம்பர வருவாய் பெருகும். எந்தப் பழைய பாடலை அடுத்துத் தோண்டி எடுப்பது, எந்தப் புதிய இசையமைப்பாளருக்கு வாய்ப்பை மறுப்பது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. 2012-இல் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, திரையரங்குக்கு வெளியே பாடல் ஈட்டும் உரிமத் தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு என்று உறுதி செய்யப்பட்டது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடியதைத் தில்லிச் செய்தியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இணையத்தில் அந்தத் தொகை எண்ணிக்கையைப் பொருத்தது. எண்ணுகிறவர் யார், எப்படி எண்ணுகிறார் என்பது ஒரு கவிஞரின் முதுமைக்கால வருமானத்தைத் தொடும் கேள்வியாகிவிட்டது.

ரசிகர்களின் தீர்ப்பை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதியதல்ல. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த 1950-களில், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டன. அந்த இடைவெளியில்தான் 1952-இல் இலங்கை வானொலியிலிருந்து ‘பினாகா கீத்மாலா’ ஒலிக்கத் தொடங்கியது. அமீன் சயானி வாரந்தோறும் பாடல்களை வரிசைப்படுத்தி அறிவித்தார். இசைத்தட்டு விற்பனையும், நாடெங்கும் பரவியிருந்த நேயர் சங்கங்களின் வாக்குகளும் சேர்ந்தே அந்த வரிசையைத் தீர்மானித்தன. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்ற மைக்கா சுரங்க ஊரின் பெயர், அங்கிருந்து வானொலிக்கு வந்து குவிந்த நேயர் கடிதங்களாலேயே இந்தியா முழுவதும் அறிமுகமானது. சயானி 2024 பிப்ரவரியில் காலமானபோது வட இந்தியப் பத்திரிகைகள் அந்த ஊரையும் சேர்த்தே நினைவுகூர்ந்தன.

அந்த முறையில் குறையே இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. பற்பசை நிறுவனத்தின் பணத்தில் நடந்த நிகழ்ச்சி அது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சலட்டை எழுதிய நேயர், தான் விரும்பிய பாடலுக்குத்தான் வாக்களித்தார். பிடிக்காத பாடலைத் திட்டி எழுதினால் அதுவும் அந்தப் பாடலுக்கான வாக்காகச் சேர்ந்துவிடும் நிலை அன்று இல்லை.

இணையம் ரசிகரின் குரலுக்கு வலுவூட்டியதையும் மறுப்பதற்கில்லை. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ பாடல் தமிழறியாத மாநிலங்களில் பரவியது, ஹிந்தி வானொலியோ தில்லித் தொலைக்காட்சிகளோ முதலில் தூக்கிப் பிடித்ததால் அல்ல. கேட்டவர் மற்றவருக்கு அனுப்பினார். பிறகுதான் தொலைக்காட்சிகள் விழித்துக்கொண்டன. டிசம்பரில் தில்லி வந்த ஜப்பான் பிரதமர் யோஷிஹிகோ நோடாவுக்கு அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அளித்த விருந்துக்கு தனுஷ் அழைக்கப்பட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரிகைகளில் இசை விமர்சனத்துக்கான இடம் சுருங்கிப்போன காலம் இது. ஒரு புதிய பாடலின் தாளக்கட்டு எங்கிருந்து வந்தது, எந்தச் சரணம் எந்தப் பழைய மெட்டை நினைவூட்டுகிறது, பாடகரின் குரலை இயந்திரம் எவ்வளவு திருத்தியிருக்கிறது என்றெல்லாம் பொறுமையாக எழுதுபவர் இன்று பெரும்பாலும் ஊதியம் பெறாத ரசிகர்தான். அவருடைய மதிப்பெண்ணில் அவசரம் இருக்கலாம், அபிமானமும் இருக்கலாம். ஆனால், விளம்பரத் துறையின் தொலைபேசி அழைப்புக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குரல் எண்ணாக மாறும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது.

2019 ஜூலையில் பாடகர் பாத்ஷாவின் ‘பாகல்’ பாடல், 24 மணி நேரத்தில் சுமார் 7.5 கோடி பார்வைகளைப் பெற்று உலக சாதனை படைத்ததாக அறிவிக்கப்பட்டது. அது உண்மையானால் கொரியாவின் பிடிஎஸ் குழு வைத்திருந்த சாதனை முறியடிக்கப்பட்டிருக்க வேண்டும். யூடியூப் அதை அங்கீகரிக்கவில்லை. விளம்பரமாகக் காட்டப்பட்டுக் கிடைத்த பார்வைகளும் அந்தக் கணக்கில் இருந்தன. இதில் விதிமீறல் ஏதுமில்லை. அன்றைய விதி அதற்கு இடமளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், 24 மணி நேரச் சாதனைக்கும் இசைத் தரவரிசைக்கும் விளம்பரப் பார்வைகளைக் கணக்கில் கொள்வதில்லை என்று யூடியூப் விதியை மாற்றியது. அந்த மாற்றம் தரவரிசைப் பட்டியலுக்கும் சாதனைகளுக்கும்தான். பாடலின் கீழே எல்லோரும் காணும் மொத்த எண்ணிக்கையில் விலைக்கு வாங்கியது எவ்வளவு, தானாக வந்தது எவ்வளவு என்பதை நேயர் பிரித்தறிய வழியில்லை. மறுநாள் செய்தித்தாளில் தலைப்பாவதோ அந்த மொத்த எண்ணிக்கைதான்.

எதிர்ப்பைக் காட்டும் குறியின் கதை இன்னும் சுவையானது. கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டும் ‘டிஸ்லைக்’ குறி, 2020 ஆகஸ்டில் அரசியல் ஆயுதமாகவே மாறியது. ‘சடக் 2’ ஹிந்திப் படத்தின் முன்னோட்டம் ஒரு கோடிக்கும் அதிகமான எதிர்ப்புக் குறிகளை வாங்கியது. அவற்றில் பெரும்பகுதி, திரையுலக வாரிசுகளின் மீதான கோபத்தின் விளைவு. முன்னோட்டத்தை முழுவதும் பார்த்து அளித்த மதிப்பீடு அல்ல. அந்த மாத இறுதியில் பிரதமரின் ‘மனதின் குரல்’ உரை பாஜகவின் யூடியூப் பக்கத்தில் வெளியானபோது, ஆதரவுக் குறிகளை எதிர்ப்புக் குறிகள் விஞ்சின. ஜே.இ.இ., நீட் தேர்வுகளைத் தள்ளிவைக்கக் கோரிய மாணவர்களின் கோபம் இது என்றனர் எதிர்க்கட்சியினர். எதிர்ப்புக் குறிகளில் 2 சதவீதம் மட்டுமே இந்தியாவிலிருந்து வந்தவை என்றார் அக்கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் அமித் மாளவியா. இருவரில் யார் சொல்வது சரி? சரிபார்த்துச் சொல்ல நடுநிலையான அமைப்பு எதுவும் இல்லை. தேர்தலில் பதிவான வாக்கை எண்ணும் மேஜையருகே வேட்பாளரின் முகவர் உட்கார முடியும். இங்கே எண்ணுபவரும் அவரே, எண்ணும் அறையின் சாவியை வைத்திருப்பவரும் அவரே.

2021 நவம்பரில் யூடியூப் எதிர்ப்புக் குறிகளின் எண்ணிக்கையைப் பொதுமக்களின் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. சிறிய படைப்பாளிகளைத் திட்டமிட்ட தாக்குதலிலிருந்து காப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கூட்டம் சேர்த்து ஒருவரை அவமானப்படுத்தும் வழக்கம் நம் ரசிகர் படைகளுக்குக் கைவந்த கலை. தமிழகத்தின் நட்சத்திர ரசிகர்கள் முன்னோட்டக் காணொளிகளின் பார்வை எண்ணிக்கைக்காக இரவு முழுவதும் விழித்திருந்து மோதிக்கொள்வதை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால், மறைக்கப்பட்டது எதிர்ப்பின் எண்ணிக்கை மட்டுமே. ஆதரவின் எண்ணிக்கையும் மொத்தப் பார்வைகளும் முன்போலவே காட்டப்பட்டன. காணொளியை வெளியிட்டவர் எதிர்ப்பின் எண்ணிக்கையைத் தன் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம். அதாவது, சிறிய படைப்பாளியின் பெயரைச் சொல்லிச் செய்யப்பட்ட மாற்றத்தின் பயன் பெரிய நிறுவனத்துக்கும் சேர்ந்தே போனது. கருத்துப் பகுதியை மூடிவிடும் உரிமையும் வெளியிடுபவர் கையில்தான் இருக்கிறது.

தில்லியில் உள்ள அமைச்சகங்கள் இத்தகைய கேள்விகளைச் சந்திக்காதவை அல்ல. தொலைக்காட்சி நேயர் கணக்கெடுப்பில் முறைகேடு என்று புகார்கள் குவிந்த பிறகு, கணக்கெடுக்கும் நிறுவனங்களுக்கான வழிகாட்டு விதிகளைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2014-இல் வகுத்தது. 2020 அக்டோபரில் மும்பை காவல் துறை டிஆர்பி மோசடி என்று வழக்குப் பதிந்ததும், செய்தி அலைவரிசைகளின் வாராந்திரத் தரவரிசையை பார்க் அமைப்பு நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் அது திரும்ப வந்தது. அந்த வழக்கைச் சூழ்ந்த அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கில் ஐயம் எழுந்தால் வெளியீட்டை நிறுத்திவைத்து ஆராய ஓர் ஏற்பாடு அங்கே இருந்தது. இசைக்கு அப்படி எதுவும் இல்லை.

நுகர்வோர் சட்டம் உதவுமா என்றால், அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. இணையத்தில் வெளியாகும் நுகர்வோர் விமர்சனங்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை 2022 நவம்பரில் வெளியிட்டது. பணம் கொடுத்து எழுதவைக்கும் விமர்சனங்களைக் களைவதே நோக்கம். அறிவிக்கப்பட்டபோது அது நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஏற்க வேண்டிய தரமாகவே இருந்தது. கைப்பேசிக்கும் சமையல் பாத்திரத்துக்கும் உணவகத்துக்கும் பொருந்துவது பாட்டுக்குப் பொருந்துமா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலை கொடுத்து வாங்குபவரையே நுகர்வோர் என்கிறது. பாடலை இலவசமாகக் கேட்பவர் விலையாகக் கொடுப்பது தன் நேரத்தையும், நடுவில் வரும் விளம்பரத்தைப் பார்க்கும் பொறுமையையும்தான். சட்டத்தின் சொற்படி அவர் நுகர்வோர் ஆவாரா என்பது வழக்குரைஞர்கள் வாதிட வேண்டிய விஷயம். சாமானிய நேயர் நுகர்வோர் ஆணையத்தின் படியேற இது போதாது.

அரசு பாடல்களுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்றோ, ரசிகர்கள் எழுதுவதைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றோ இங்கே யாரும் கோரவில்லை. அந்த அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு கேஸ்கர் காலத்து வானொலியே சாட்சி. கேட்பது மிகக் குறைவு. ஒரு பாடலின் பார்வை எண்ணிக்கையைக் காட்டும்போது, விளம்பரத்தின் வழியே வந்தது எவ்வளவு என்பதைத் தனியே காட்டட்டும். ஆதரவை எண்ணிக் காட்டுகிற தளம் எதிர்ப்பையும் காட்டட்டும், அல்லது இரண்டையும் மறைக்கட்டும். உரிமத் தொகை பெறும் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும், தங்கள் பாடலுக்கான கணக்கைச் சுயேச்சையான தணிக்கையாளரைக் கொண்டு சரிபார்க்க வழி செய்யட்டும்.

தகவல் தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, சமூக ஊடக நிறுவனங்களின் அதிகாரிகளைப் பலமுறை அழைத்து விசாரித்திருக்கிறது. பொய்ச் செய்தி பற்றிக் கேட்டது, தனிமனித உரிமை பற்றிக் கேட்டது. அடுத்த முறை அழைக்கும்போது, எண்ணிக்கை எப்படி எடுக்கப்படுகிறது என்ற கேள்வியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். கேள்வி கேட்கும் உறுப்பினர்களின் சொந்தக் காணொளிகளும் அதே எண்ணிக்கையைத்தான் நம்பியிருக்கின்றன.