ஆலை மூடிய பிறகு கேட்ட குரல்

கொடைக்கானலில் தூண் பாறை பார்த்தோம், ஏரியில் படகு விட்டோம். பாம்பார் சோலைக்கு மேலே ஒரு தெர்மாமீட்டர் ஆலை பாதரசத்தைக் கொட்டிக்கொண்டிருந்ததை நாம் பார்க்கவில்லை. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980களில் மலையேறி வந்த ஆலை அது. ஆலையை நடத்திய பாண்ட்ஸ் நிறுவனம் கைமாறி இந்துஸ்தான் லீவருக்குப் போனதும் நமக்குப் பங்குச் சந்தைச் செய்திதான்.

2001இல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்தது தெரிந்து ஊர் கொதித்தது. ஆலை மூடப்பட்டது. அப்போதுதான் அங்கே வேலை பார்த்தவர்கள் வாய் திறந்தார்கள். சரியான கையுறை, முகக்கவசம் இல்லை, பாதரசம் துணியோடு வீட்டுக்கும் வந்தது, சிறுநீரகம் கெட்டது, கர்ப்பம் கலைந்தது என்றார்கள். வேலையால் யாருக்கும் நோய் வரவில்லை என்றது நிறுவனம். நாம் என்ன கேட்டோம்? “சம்பளம் வாங்கும்போது ஏன் சொல்லவில்லை?”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பவர்கள் நாம். மலையில் மாதச் சம்பளம் தரும் வேலைகளே குறைவு. அந்த வேலையில் இருந்தவர் முதலாளிமேல் புகார் சொல்லியிருந்தால் முதலில் முகம் சுளித்திருப்பது நாம்தான். இதைத் தெரிந்துதான் அவர்கள் பேசாமல் இருந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

பேசிய பிறகாவது கேட்டோமா? 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நாம் அதே நிறுவனத்தின் சோப்பில் குளித்து, செய்தித்தாளில் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். 2015இல் பாடகி சோஃபியா அஷ்ரஃப் இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ராப் பாட்டுப் பாடினார். உலகமே பகிர்ந்தது, நாமும் பகிர்ந்தோம். தொழிலாளர்கள் தமிழில் அத்தனை வருடம் சொன்னதைத்தான் அவர் பாடினார். பாட்டைக் குறை சொல்லவில்லை. நம் காதைத்தான் சொல்கிறோம்.

2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகை என்றார்கள்; குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தமில்லை. ஆலை மண்ணில் எவ்வளவு பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. நாம் உடன்பாட்டோடு விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டோம்.

இப்படி முறைகேட்டைச் சொல்பவரைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதுவும் அரசு ஊழியர்கள் மீதான புகாருக்குத்தான். தனியார் ஆலைக்குள்ளிருந்து முதலாளியைப் பற்றிச் சொல்பவருக்கு அதில் இடமில்லை. இடம் வேண்டும் என்று நாம் யாரும் தெருவுக்கு வரவுமில்லை.