உயிர் வராத டப்பா

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய சாமான்களை ராத்திரி முழுக்கப் பூட்டி, சாமி படம் காட்டி, பட்டனை அழுத்தினால்... ஃபேன் சுத்துகிறது, திரையில் கும்மிருட்டு! உடனே 'மதர்போர்டு அவுட்' என்று தீர்ப்பு சொல்ல எதிர்வீட்டு மாமா ரெடியாக இருப்பார். நம்பாதீர்கள். புதுப் போர்டு என்றால் சம்பளத்தில் பெரிய துண்டு விழும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். 24 பின் கனெக்டரைத் தவிர, பிராசஸருக்கென்று தனியாக 8 பின் ஒன்று உண்டு. ஞாபகமாகச் செருகினீர்களா? அடுத்தது, ராம். 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும், பயப்படாமல்.

மானிட்டர் கேபிள் எங்கே போகிறது? கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில்தான் செருக வேண்டும். இன்டெல் பிராசஸரின் நம்பர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே படம் காட்டும் சமாச்சாரமே கிடையாது. போர்டில் செருகிவிட்டுக் காத்திருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் இருட்டுதான்.

எல்லாம் சரியா? டிடிஆர் 5 ராம் என்றால் இன்னொரு விஷயம். முதல் தடவை போர்டும் ராமும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளச் சில நிமிஷம் பிடிக்கும். 'மெமரி டிரெய்னிங்' என்பார்கள். அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து பெண் பார்க்கும் படலம்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு ஒரு காபி சாப்பிட்டு வாருங்கள். அதுவும் வைத்தியம்தான்!