கரண்ட் வைத்தால் முட்டி தேறுமா?

கபடி ஆடுகிற ஊர்ப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். கோயில் திருவிழாவை ஒட்டி ராத்திரி முழுக்க டோர்னமென்ட். பாடிப் போன பையன் எதிராளியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று திரும்புகிறான். யாரும் மோதக்கூட இல்லை. பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, முட்டி மட்டும் உள்பக்கமாக மடங்குகிறது. 'டப்' என்று ஒரு சத்தம். விடிவதற்குள் முட்டி பலூன் மாதிரி வீங்கிவிடும். முதலில் எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். பிறகு புத்தூர் கட்டு. ஒரு மாதம் ஆகியும் நடக்கும்போது முட்டி நழுவுகிறதே என்று கடைசியில் ஸ்கேன். "ஜவ்வு கிழிஞ்சிருச்சு தம்பி" என்பார் டாக்டர்.

அந்த ஜவ்வுக்கு ஏ.சி.எல். என்று பெயர். முட்டிக்குள் குறுக்கே போகிற தசைநார் அது. கீழ்க்கால் எலும்பு முன்பக்கமாக நழுவாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று திசை மாற்றுகிற எல்லா ஆட்டத்திலும் அறுகிறது. கால்பந்து, கூடைப்பந்து, கபடி, எல்லாவற்றிலும்தான்.

கதையின் முதல் பாதி இதுவரை. இரண்டாம் பாதிதான் வயிற்றெரிச்சல். வீட்டில் நகையை அடகு வைத்து ஆபரேஷன் நடக்கிறது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, அறுந்த இடத்தில் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். "பிசியோதெரபி பண்ணிக்கோ" என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். பையன் பக்கத்து டவுனில் இருக்கிற பிசியோ கிளினிக்குக்குப் போகிறான். பத்து சிட்டிங். ஒவ்வொரு சிட்டிங்கிலும் கட்டிலில் படுக்க வைத்து, முட்டியைச் சுற்றி நாலு பட்டையை ஒட்டி, கால் மணி நேரம் கரண்ட். பிறகு குளுகுளு ஜெல்லைத் தடவி அல்ட்ராசவுண்ட். கிளம்பும்போது கையில் ஒரு ஜெராக்ஸ் தாள், அதில் ஆறு பொம்மைப் படங்கள், "வீட்டுல செய்யுங்க". மூன்று மாதத்தில் வலி போய்விடுகிறது, வீக்கமும் போய்விடுகிறது. நான்காவது மாதம் அடுத்த ஊர்த் திருவிழா. டீமில் ஆள் குறைகிறது... அப்புறம் என்ன, அதே முட்டி, அதே சத்தம்.

இந்தக் கதையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சிகிச்சை எது, துணைச் சரக்கு எது என்பதுதான் தலைகீழாகிவிட்டது. அந்த ஜெராக்ஸ் தாள்தான் சிகிச்சை. கரண்டும் ஜெல்லும் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீர் மாதிரி. கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

வலி போனதும் ஆறிவிட்டது என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்தப் புது ஜவ்வே சாட்சி. பொருத்திய உடனே அது ஜவ்வு ஆகிவிடாது. அது வேறு இடத்தில் வேறு வேலை பார்த்த நாண். புது இடத்தில் முதலில் அதன் பழைய செல்கள் மடிந்து, ரத்த ஓட்டம் வந்து, நார்கள் மறுபடி அடுக்கப்பட வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில், சுமார் ஆறிலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, அது ஆபரேஷன் அன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். பையனுக்கு வலி குறைந்து "நான் ரெடி" என்று தோன்ற ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான்! இதற்கிடையில் தொடையின் முன்பக்கத் தசை சூம்பிப்போயிருக்கும். இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்து பார்த்தாலே தெரியும். கட்டிலில் படுத்துக் கரண்ட் வாங்கினால் அந்தத் தசை திரும்பி வராது. எடை தூக்கினால்தான் வரும்.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து இப்படி ஆபரேஷன் செய்துகொண்ட 106 விளையாட்டுக்காரர்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்டதில், தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தொடை வலு இரண்டு காலிலும் சமமாக வந்த பிறகு திரும்பியவர்கள் இன்னும் பத்திரமாக இருந்தார்கள். ஆக, கணக்கு இரண்டு: காலண்டர் ஒன்று, வலு இன்னொன்று. அடிபடாத காலின் வலுவில் தொண்ணூறு சதவீதமாவது அடிபட்ட காலுக்கு வந்ததா, ஒற்றைக்காலில் தாண்டினால் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் களத்துக்கு அனுப்ப வேண்டும். தாண்டும் சோதனைக்கு ஒரு டேப்பும் கொஞ்சம் தரையும் போதும். நான்காவது மாதம் திருவிழாவுக்கு ஓடிய அந்தப் பையனை அப்படித் தாண்டிப் பார்க்கச் சொல்லியிருந்தால், தன் கால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

ரிஷப் பந்த் கதை எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்து, முட்டி ஜவ்வுகளுக்கு அறுவை சிகிச்சை. மறுபடி ஐ.பி.எல்.லில் இறங்கியது 2024 மார்ச்சில். ஏறக்குறைய பதினைந்து மாதம்! அதில் பெரும்பகுதி பெங்களூரு அகாடமியில் எடை தூக்கியும், நடந்தும், ஓடியும் கழிந்தது. அவருக்கு வாரியம் இருந்தது, சம்பளம் நிற்கவில்லை, பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள். ஊர்க் கபடிப் பையனுக்கு அந்தப் பதினைந்து மாதத்தை யார் தருவது? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பதினைந்து மாதத்தில் நடந்ததில் பெரும்பாலானவற்றுக்கு விலை உயர்ந்த மெஷின் தேவையில்லை. ஒரு படிக்கட்டு, மணல் நிரப்பிய அரிசிச் சாக்கு, ஒரு நாற்காலி, வாரம் ஒருமுறை வந்து பார்த்து எடையைக் கூட்டிச் சொல்ல விவரம் தெரிந்த ஒரு பிசியோ. கிடைக்காமல் போவது அந்தக் கடைசி ஆள்தான்.

ஆபரேஷனே எல்லோருக்கும் வேண்டுமா என்பதும் முடிந்துபோன விஷயம் இல்லை. சுவீடனில் ஜவ்வு அறுந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. 2010-ல் வந்த முடிவில் இரண்டு வருடம் கழித்து இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் இரண்டாவது கூட்டத்தில் சுமார் பாதிப்பேர் கத்தியே வைத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். (தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதில் இல்லை. முட்டி நழுவிக்கொண்டே இருக்கிற ஆள் இதைப் படித்துவிட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.)

சரி, கரண்ட் ஏன் ஜெயித்தது? இதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. நாலு கட்டில், நாலு மெஷின் இருந்தால் ஒரே பிசியோ ஒரே நேரத்தில் நாலு பேரைப் பார்க்கலாம். பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் ஒரே ஆளோடு அரை மணி நேரம் நின்று, முட்டி உள்ளே போகிறதா, இடுப்பு சாய்கிறதா என்று கவனிக்க வேண்டும். காசு இரண்டுக்கும் ஒன்றுதான். நோயாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "ஒண்ணுமே பண்ணல, நாலு எக்ஸர்சைஸ் சொல்லிக் குடுத்துட்டு இருநூறு ரூபா வாங்கிட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். உடம்பில் ஏதாவது குறுகுறுவென்று ஓடினால்தான் வைத்தியம் நடந்த மாதிரி. நாலு வருஷத்துக்கு மேல் உடம்பின் இயக்கத்தைப் படித்துவிட்டு வந்த ஒருவர் சுவிட்ச் போடுகிறவராக மாறிவிடுவது இப்படித்தான்.

இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று 2016-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கொடுக்க வேண்டாம் என்ற பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐ.எஃப்.டி. அதாவது பல கிளினிக்குகளின் போர்டில் எழுதியிருக்கும் அதே பெயர்கள்! கொடுக்கச் சொன்னது உடற்பயிற்சி, வழக்கமான வேலைகளைத் தொடர்வது.

கபடிப் பையனின் கதை ஒரு திருவிழாவில் முடிந்துவிடும். அவன் அம்மாவின் கதை வருடக்கணக்கில் ஓடும். ஐம்பது வயதில் முட்டி வலி என்று போகிறார். எக்ஸ்ரே பார்த்து "தேய்மானம்" என்கிறார்கள். கூடவே ஒரு வேண்டாம் பட்டியல். கீழே உட்காராதீங்க, படி ஏறாதீங்க, வெயிட் தூக்காதீங்க. சிறு வயதிலிருந்து தண்ணிக் குடத்தை இடுப்பில் சுமந்த மனுஷி, அன்றிலிருந்து அரைக் குடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். கோயிலுக்கு நடப்பது நிற்கிறது. உடம்பு கனக்கிறது, தொடை மெலிகிறது, முட்டியில் பாரம் கூடுகிறது, வலியும் கூடுகிறது. மறுபடி பத்து சிட்டிங்.

'தேய்மானம்' என்ற சொல்லே பாதிக் கெடுதல் செய்கிறது. முட்டி என்ன செருப்பா, நடக்க நடக்கத் தேய? குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அழுத்தமும் விடுதலையும் மாறி மாறி வரும்போது உள்ளே போய் வரும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. நடக்காத முட்டி பட்டினி கிடக்கிறது என்று சொன்னால்கூடத் தப்பில்லை. டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுப்பது, வலியைப் பற்றிச் சில வகுப்புகளும், வாரம் இரண்டு முறை வீதம் ஆறு வாரம் மேற்பார்வையோடு பயிற்சியும். வேறு நாடுகளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

முதுகு ஸ்கேனும் இதே மாதிரி பயமுறுத்தும். வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்வு, 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல். வலியே கிடையாது! அப்படியிருக்க "டிஸ்க் விலகிடுச்சு" என்ற ஒரு வரியை நம்பி ஒரு ஆள் ஆயுசுக்கும் குனியாமல் இருப்பதைப் பார்த்தால் என்ன சொல்வது? ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு 1995-லேயே வந்துவிட்டது. திடீர் இடுப்பு வலியில் படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். கால் மரத்துப்போய் வலு குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு வலி, இவை வேறு விஷயம். உடனே டாக்டரிடம் ஓட வேண்டியவை.

ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்ற சுவீடன் எலும்பு மருத்துவரின் கதை இங்கே பொருத்தம். ஓட்டப் பிரியர். குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணில் தீராத வலி. ஆபரேஷன் பண்ணுங்கள் என்று தன் மேலதிகாரியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் ஆபரேஷன் செய்துதானே ஆக வேண்டும் என்று, அதை அறுப்பதற்காகவே படியின் விளிம்பில் நின்று எடையோடு குதிகாலைக் கீழே இறக்கி இறக்கிப் பார்த்தாராம். நாண் அறுபடவில்லை, வலிதான் போய்விட்டது! 1998-ல் பதினைந்து ஓட்டக்காரர்களிடம் அதையே பயிற்சியாக, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார். பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தாலும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதுதான் அதில் முக்கியம். இன்றைக்குப் பல பிசியோக்கள் சொல்கிற கணக்கும் அதுதான்: செய்யும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் வலியும் வீக்கமும் கூடியிருந்தால் எடையைக் குறை, கூடவில்லை என்றால் அடுத்த வாரம் கூட்டு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்ந்திருந்தது. பெரிய மெஷினை வீடு வீடாகத் தூக்கிப் போக முடியாது என்பதால், அங்கே கையும் கண்ணும் பேச்சும்தான் கருவி. வேண்டாம் பட்டியலோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்ட அம்மாக்களுக்கு இப்படி ஒருவர் வந்து "எந்திரிங்க, இந்த நாற்காலியில பத்து தடவை உட்கார்ந்து எந்திரிங்க" என்று சொல்வது பத்து சிட்டிங்குக்குச் சமம்.

பையன்களுக்குத்தான் அப்படி வீடு தேடி வருகிற ஆள் இல்லை. கல்லூரி டீம்களில் கோச் இருக்கிறார், பி.டி. சார் இருக்கிறார், ஜெர்சி ஸ்பான்சர் செய்ய உள்ளூர்க் கடைக்காரர் இருக்கிறார். "தம்பி, ஆபரேஷன் ஆகி எத்தனை மாசம்? ஒத்தைக்கால்ல தாண்டிக் காட்டு பார்க்கலாம்" என்று கோட்டுக்கு வெளியே நிறுத்திக் கேட்க ஒருவர் இல்லை. டீம் பையைத் திறந்தால் இருப்பது ஒரு க்ரேப் பேண்டேஜ், பாதி தீர்ந்த வலி ஸ்பிரே.