வெசூவியசுக்குச் செல்வார் வெம்பக்கோட்டை அறியார்

இத்தாலி நாட்டின் நாப்போலி நகரிலிருந்து காலையில் ஒரு பேருந்து புறப்படும். முற்பகலில் பொம்பேயி என்னும் அழிந்த நகரம், நண்பகலில் உணவு, பிற்பகலில் வெசூவியசு எரிமலை, மாலையில் மீண்டும் நாப்போலி. கொடியொன்றைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டி முன்னே நடக்க, செவியில் கருவி பொருத்திய நாற்பது பேர் பின்னே நடப்பர். மலையின் மேற்பகுதி வரை வண்டி. அதற்குமேல் சாம்பல் வழியில் நடை. உச்சியில் வாய் பிளந்து கிடக்கும் குழி. அதன் விளிம்பில் நின்று ஒரு படம். இவ் ஒருநாள் உலாவில் இற்றை நாளில் தமிழரும் மிகுதியாகக் காணப்படுகின்றனர். திரும்பி வந்து உற்றார்க்கும் ஊரார்க்கும் படம் காட்டுகின்றனர். காட்டும்போது அவர்தம் வாயிலிருந்து வருவது முழுதும் ஆங்கிலம். இடையிடையே, ஏதோ இரக்கப்பட்டு விட்டுவைத்தாற்போல, இரண்டொரு தமிழ் வினைமுற்று.

அயல்நாடு செல்வது குற்றமா என்று உடனே சீறுவார் உளர். குற்றமன்று. பொம்பேயி காணத்தக்க இடமே. கி.பி. 79இல் வெசூவியசு கக்கிய நுரைக்கல்லும் சாம்பலும் அந்நகரை அப்படியே மூடின. 1748இல் தோண்டத் தொடங்கினர். இன்றும் நகரின் மூன்றிலொரு பங்களவு தோண்டப்படாமலே கிடக்கின்றது. சாம்பலுள் மாய்ந்தோரின் உடல் மக்கிப்போன பின் எஞ்சிய வெற்றிடங்களில் 1863இல் பியோரெல்லி என்னும் அறிஞர் சுண்ணக் குழம்பை ஊற்றி, அவர்கள் இறுதியாகச் சுருண்டு கிடந்த கிடையை உருவாக்கிக் காட்டினார். அவ் வுருக்களின் முன் நிற்பவன் கல்நெஞ்சனாயினும் ஒரு நொடி தலைகுனிவான்.

குற்றம் செல்வதில் இல்லை. எதனைக் காணாமல் திரும்பினர் என்பதிலேயே இருக்கின்றது.

வெசூவியசு எரிந்தபோது அக்கடற்கரையில் மிசேனம் என்னுமிடத்தில் உரோமக் கப்பற்படைத் தலைவனாக இருந்தவன் பிளினி. இயற்கை வரலாறு என்னும் பெருநூலை அதற்குச் சற்றுமுன்னரே எழுதி முடித்தவன். அந்நூலில் பாண்டியன் பெயர் உண்டு. அவன் உள்நாட்டு நகராகிய மதுரையும் உண்டு. முசிறித் துறையும் உண்டு. ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுதர்சு காசு இந்நிலப் பகுதிக்குப் போய்விடுகின்றதே என்று அவன் வயிறெரிந்து எழுதியிருக்கின்றான். காரத்தைத் தவிர வேறொன்றுமில்லாத மிளகைப் பொன்போலவும் வெள்ளிபோலவும் நிறுத்து வாங்குகின்றார்களே என்பதும் அவன் புலம்பலே. நம் மிளகுக்கும் முத்துக்கும் அழுத அதே பிளினி, மலை எரிவதை முதலில் அறிவு வேட்கையால் பார்க்கப் புறப்பட்டான்; பின்பு உதவி வேண்டிச் செய்தி வரவே, பெருங்கலங்களைச் செலுத்திக் கொண்டு மக்களை மீட்கப் போனான்; போனவன் திரும்பவில்லை. பாண்டியன் பெயரைத் தன் ஏட்டில் எழுதிவைத்த கை அடங்கிய இடம் அவ்வெரிமலையின் அடிவாரம்!

இதனை எந்த வழிகாட்டி தமிழர்க்குச் சொல்வான்? சொல்லாதது அவன் பிழையன்று. அவன் இத்தாலியன், தன் வயிற்றுக்கும் தன் நாட்டுக்கும் வேண்டியதைச் சொல்கின்றான். இதனைத் தெரிந்துகொண்டு போய் அங்கே நின்று தம் பிள்ளைக்குத் தமிழில் எடுத்துரைத்திருக்க வேண்டியவர் பெற்றோர். அவர்களோ பிளினியையும் அறியார், பாண்டியனையும் அறியார். நுழைவுச் சீட்டின் விலை மட்டும் நன்கறிவர்.

இங்கு ஒன்று கூறல் வேண்டும். பொம்பேயியில் 1938இல் தந்தப் பாவை ஒன்று கிடைத்தது, இந்திய வேலைப்பாடு. அதனைத் தமிழ்நாட்டுப் பாவை என்று முழங்கிவிட வேண்டுமென்று துடிக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். வேண்டா. அதன் அமைப்பு தக்கணத்தைச் சுட்டுகின்றது என்பதே அறிஞர் பலர் கருத்து. இல்லாத பெருமையை ஏற்றிக்கொள்ள வேண்டிய ஏழைமை தமிழுக்கு இல்லை. உள்ள பெருமையைப் படிக்காமைதான் நம் நோய்.

உள்ளதற்கு ஒரு சான்று. எகிபது நாட்டிலே மன்னர் பள்ளத்தாக்கு என்று ஓரிடம். பழம் பேரரசர்களின் கல்லறைகள் மலையைக் குடைந்து அமைக்கப்பட்டவை. உரோமர் காலத்திலேயே அவை தொன்மைச் சின்னங்களாகிவிட்டன. பன்னாட்டாரும் வந்து கண்டு சுவரில் தம் பெயரைக் கீறிச் சென்றனர். அக் கீறல்களுக்கிடையே தமிழி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் இருப்பதை 2026இல் அயல்நாட்டு அறிஞர் இருவர் சென்னையில் வெளிப்படுத்தினர். ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சிகை கொற்றன் என்பான் ஒருவன் ஒரு கல்லறையில் எழுதி நிறைவடையாமல் பல கல்லறைகளில் எழுதியிருக்கின்றான். தான் வந்து கண்டதையும் குறித்திருக்கின்றான். சுவரில் கீறுவது நல்ல பழக்கமன்று. இற்றை மாணவர் அவனைப் பின்பற்ற வேண்டா. ஆயினும் எண்ணிப் பாருங்கள்! சுற்றிலும் கிரேக்கம் எழுதிக் கிடக்கின்றது. அவ்வூர் ஆள்வோர் மொழியும் வணிகர் மொழியும் அது. கடல் கடந்து போன அந்தத் தமிழன், கிரேக்கத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று கருதவில்லை. தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதினான். செங்கடற்கரைத் துறைகளாகிய பெரனிகேயிலும் குசேரிலும் கிடைத்த பானை ஓடுகளிலும் அவ்வாறே தமிழ்.

கொற்றனும் சுற்றுலாச் சென்றவனே. இன்று செல்வாரும் சுற்றுலாச் செல்வாரே. விருந்தினர் ஏட்டிலே இவர்கள் இடும் கையெழுத்து எந்த மொழியில் இருக்கின்றது?

இனி, வீட்டிற்கு வருவோம். சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றின் வடகரையில், விசயகரிசல்குளம் என்னும் சிற்றூரை ஒட்டி ஒரு மேடு. வெம்பக்கோட்டை அகழாய்வு என்று செய்தித்தாள்கள் குறிப்பது அதனையே. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கி, 2023இலும் 2024இலும் தொடர்ந்தது. நுண்கற்கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், பொன்னணித் துண்டுகள் என்று வாரி வாரிக் கொடுத்தது அம் மண். திமில் உயர்ந்த காளை ஒன்று செதுக்கப்பட்ட சூதுபவளக் கல்லும் அங்குக் கிடைத்தது. சங்கு வளையல்கள் அங்குக் கிடைத்த அளவைக் கண்டால், வளையல் அறுக்கும் பட்டறையே இருந்த இடம் என்பது விளங்கும். கடலிலிருந்து சங்கைக் கொண்டுவந்து, கரிசல் நாட்டில் அறுத்து, மணி கோத்து, பொன்னணிந்து, ஓய்ந்த பொழுதில் காய் உருட்டி விளையாடிய மாந்தர் அங்கே வாழ்ந்தனர்.

விருதுநகரிலிருந்து அங்குச் செல்ல வானூர்தி வேண்டா, கடவுச்சீட்டு வேண்டா, காலைச் சோற்றை உண்டு புறப்பட்டால் நண்பகற் சோற்றுக்கு வீடு திரும்பலாம். பொம்பேயி சென்று வந்தோருள் எத்தனை பேர் இம்மேட்டை மிதித்திருக்கின்றனர்? நம் பள்ளிகள் ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் பணம் திரட்டி ஏற்றிச் செல்லும் இடம் எது? நீர் விளையாட்டுக் களியாட்டக் கூடம்! கேட்டால், பிள்ளைகள் விரும்புகின்றார்களாம். பிள்ளைகள் கணக்குப் பாடத்தையும்தான் விரும்புவதில்லை, அதனை நிறுத்திவிட்டார்களா?

மண்ணைத் தோண்டினால் மட்டும் போதாது. தோண்டியதைச் சொல்லவும் உரிமை வேண்டும். கீழடியின் முதலிரு கட்ட அகழ்வை நடத்திய அமர்நாத்து இராமகிருட்டிணன் 2023 சனவரியில் 982 பக்க அறிக்கை அளித்தார். ஈராண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்த அதனை, 2025 மே திங்களில், திருத்தித் தருக என்று ஒன்றியத் தொல்லியல் துறை திருப்பியனுப்பிற்று. திருத்த மறுத்தார் அவர். அடுத்த திங்களிலேயே வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். பொம்பேயியைத் தோண்டியவனிடம், உன் நகரத்தின் அகவையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு வா என்று எவனேனும் கேட்டதுண்டா? தம் மேட்டைத் தாமே சென்று காணாத மக்களின் வரலாற்றை எவனும் திருத்தச் சொல்வான். கேட்க ஆளில்லை என்று அவனுக்குத் தெரியும்.

எரிமலை? அதுவும் இங்கு உண்டு.

திருவண்ணாமலையைத்தான் சொல்கின்றோம் என்று எவரும் கருத வேண்டா. அது அவிந்த எரிமலை என்பது கதை. நிலநூலார் அவ்வாறு கொள்வதில்லை. இந்திய ஒன்றியத்தில் உயிருள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாழ்ந்தீவு ஒன்றே. ஆனால் வெசூவியசு இறுதியாக எரிந்தது 1944இல். வெம்பக்கோட்டை மேட்டைச் சுற்றிய வெடியாலைகளோ ஆண்டு தவறாமல் எரிகின்றன. 2012 செபுதம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி. ஏறத்தாழ நாற்பது உயிர். முதல் வெடி கேட்டு என்னவென்று பார்க்கவும் உள்ளே கிடந்தோரை இழுத்துவரவும் ஓடியவர்கள் அடுத்த வெடியில் மாய்ந்தனர். பார்க்கப் போனான், மீட்கப் போனான், மாண்டான் என்று பிளினியை ஈராயிரம் ஆண்டாக உலகம் பேசுகின்றது. முதலிப்பட்டியில் அவ்வாறே ஓடி மாண்ட கூலித் தொழிலாளியின் பெயரைப் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியுமா? 2021 பிப்பிரவரி 12, அச்சங்குளம், இருபதுக்கு மேற்பட்டோர். 2023 அத்தோபர், இரெங்கபாளையம். 2024 மே, செங்கமலப்பட்டி. 2025 சூலை முதல் நாள், சின்னக்காமன்பட்டி. எழுத எழுதக் கை கூசுகின்றது.

வெசூவியசு எரிந்ததற்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது. அது மலை. இவை மலையல்ல. மருந்தைக் கலக்கும்போது ஏற்படும் ஒரு சிற்றுராய்வு. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர். மரத்தடியில் பரப்பிய மருந்து. உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகையில் நடத்துவோர் வேறு சிலர். விழா நெருங்க நெருங்க விரட்டும் வேலை. எல்லாம் அறியப்பட்டவை, ஒவ்வோர் இறப்புக்குப் பின்னும் உசாவப்பட்டு எழுதப்பட்டவை. கரிசலில் மழையில்லை, நிலத்தில் வேலையில்லை, கருந்திரி சுற்றினால்தான் அடுப்பு எரியும் என்று வரும் பெண்ணிடம் மாற்று வழி என்று எதனை வைத்திருக்கின்றோம்?

அவள் கையால் செய்த வெடியின் மேலட்டையைப் பாருங்கள். ஆங்கிலப் பெயர், இந்தித் திரைப்பட நடிகையின் படம், அதுவும் சிவகாசியிலேயே அச்சானது. செய்தவள் தமிழச்சி, அச்சடித்தவன் தமிழன், அட்டையில் தமிழுக்கு இடமில்லை! இவ்வூரைக் 'குட்டிச் சப்பான்' என்று நேரு அழைத்தாராம். அதனை இன்றும் பட்டம்போல் சூடித் திரிகின்றனர். சிவகாசி என்று ஒரு பெயர் இருக்க இன்னொரு நாட்டின் குட்டியாக இருப்பதில் என்ன பெருமையோ!

அவ்வூரார் அயலிடம் செல்லாதவர்களா? சென்றார்கள். 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றனர். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னே அன்று. தீப்பெட்டித் தொழிலைக் கற்று வர. கற்றார்கள், அடுத்த ஆண்டே திரும்பினார்கள், வறண்ட நிலத்தில் ஒரு தொழிலை நட்டார்கள். அத் தொழிலின் பயனும் உண்டு, பழியும் உண்டு; ஆனால் அச் செலவுக்கு ஒரு நோக்கம் இருந்தது. நாப்போலி சென்று வருவோர், எரிமலையின் அடியில் வாழும் மக்களை அங்கு எவ்வாறு காக்கின்றனர், இரவும் பகலும் அம்மலையை எவ்வாறு கருவி வைத்துக் கண்காணிக்கின்றனர் என்பதையாவது கேட்டு வந்து இங்குச் சொன்னதுண்டா?

குறை அவர்களோடு நின்றுவிடவில்லை. தமிழின் தொன்மையை முழங்கும் நம் இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். சூதுபவளக் காளைக்கு நான்கு பக்கம். அம்மேட்டினருகே எரிந்து கருகிய தொழிலாளிக்கு நான்கு வரியும் இல்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முன் வளையல் அறுத்தவன் தமிழன்; இன்று திரி சுற்றுபவள் தமிழச்சியல்லளா? இறந்த தமிழனைப் போற்றி இருக்கின்ற தமிழனைக் கைவிடும் இயக்கத்தைப் பகைவன் அழிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆதலின் விருதுநகர் மாவட்டத்துத் தமிழ்மன்றங்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் ஒரு வேலை. வரும் கோடை விடுமுறைக்கு முன் ஒருநாள் உலா ஒன்று தொடங்கட்டும். காலையில் விருதுநகரில் சங்கரலிங்கனார் நினைவகம். இந்நிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி உண்ணாநோன்பிருந்து 1956 அத்தோபர் 13இல் உயிர்நீத்தவர் அவர். அப்பெயர் 1969 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பின்பு வெம்பக்கோட்டை மேடு. குழியருகில் நின்று, பிளினியையும் கொற்றனையும் சேர்த்தே சொல்லுக. பிற்பகலில் முதலிப்பட்டி. அங்கே படம் எடுக்க வேண்டா. மாண்டார் பெயர்களை அவர்தம் வீட்டாரிடமே கேட்டு மாணவர் தம் ஏட்டில் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். ஊர் தோறும் அப்பெயர்கள் நிறைந்தபின், அவற்றை ஒருங்கே கல்லில் பொறித்துச் சிவகாசிப் பேருந்து நிலையத்தருகே நிறுத்துமாறு மாவட்ட ஆட்சியரிடம் அம்மாணவரே விண்ணப்பம் கொடுக்கட்டும்.