மரக்கலமும் மாதிரியும்

கப்பல் மாதிரி செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட மாணவனைக் குறித்து நம் வீடுகளில் இருவகைக் கருத்து நிலவக் காண்கிறோம். தெருவில் சுற்றாமல் வீட்டோடு இருக்கிறானே என்று மகிழ்வோர் ஒரு சாரார். அந்நேரத்தில் கணினி கற்றால் வேலைக்கேனும் ஆகுமே என்று வருந்துவோர் மறு சாரார். அது வெறும் விளையாட்டு என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபடுவர். நாம் அதனை உடன்படுவதற்கில்லை. அளவு பிறழாமல் செய்யப்படும் மரக்கல மாதிரி விளையாட்டுப் பொருளன்று. அஃது ஓர் ஆவணம். கடற்கரையூர்களிலிருந்து மாணவர் வந்து பயிலும் நம்மனைய கல்லூரிகளில், அதிலும் குறிப்பாகத் தமிழ்த்துறையில், அக்கலைக்கு இடம் வேண்டும் என்பதே நாம் ஈண்டு வற்புறுத்த விழைவது.

உருவ ஒப்புமை வேறு. அளவு ஒப்புமை வேறு. நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவான ஊர்திகள் வருவதை நம்முட் பலர் சிறு வயதில் கண்டிருக்கலாம். (கந்தூரி பற்றிய கருத்து வேற்றுமைகள் இங்கு நமக்குப் பொருளல்ல.) ஐரோப்பாவின் கடற்கரை ஊர்களிலும் தேவாலயங்களுள் நேர்ந்துகொண்டு தொங்கவிடப்பட்ட சிறு கப்பல்கள் உண்டு. கடல்மேற் சென்றவர் நலமே திரும்ப வேண்டும் என்னும் ஏக்கம் படைத்த வடிவங்கள் இவை. இவற்றில் பாய்மரம் ஓங்கியிருக்கும், உடற்பகுதி குறுகியிருக்கும். கண்டவுடன் கப்பல் என்று தெரிந்தாற் போதும். அன்பு அளவுகோலை நாடுவதில்லை. நாட வேண்டியதும் இல்லை.

அளவு மாதிரிக்கோ தனி இலக்கணம் உண்டு. மேனாட்டார் பெரிதும் கையாளும் அளவுகளுள் ஒன்று 1:48 என்பது. ஓரடிக்குக் கால் அங்குலம் என்பதே அதன் பொருள். இவ்வளவில் 60 அடித் தோணி 15 அங்குலமாகும். 2 அங்குலக் கனமுள்ள பலகை ஒரு மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். ஐந்தரை அடி உயரமுள்ள மாலுமி ஒன்றரை அங்குலத்தையும் எட்டமாட்டான். பாயிழுக்கும் கயிறு தையல் நூலாகும். நீளத்தைக் குறைத்துவிட்டுப் பலகையின் கனத்தைக் குறையாது விட்டால் அது மாதிரி ஆகாது, பொம்மையாகிவிடும். யாப்பில் ஒரு சீர் மிகுந்தால் அடி முழுவதும் தளர்வது போன்றதே இதுவும்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்தில் போர்க்கப்பல்களுக்கு இத்தகைய மாதிரிகள் செய்யப்பட்டன. அடிப்பகுதியில் பலகை போர்த்தாமல், உள்ளிருக்கும் சட்டங்கள் வெளியே தெரியுமாறு விட்டுவைப்பது அவற்றின் தனித்தன்மை. தம் நாட்குறிப்பால் புகழ்பெற்றவரும் கடற்படை நிருவாகியுமான சாமுவேல் பெப்பிஸ் அத்தகைய மாதிரிகளைச் சேர்த்து வைத்திருந்தார். சுவீடன் நாட்டின் வாசா என்னும் போர்க்கப்பல் 1628இல் தன் முதற் பயணத்திலேயே மூழ்கி, 1961இல் மீட்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் அதற்கென எழுந்த அருங்காட்சியகத்தில், கருத்துப்போன அம்மாபெரும் உடலின் அருகே 1:10 அளவில் ஒரு மாதிரியும் நிற்கிறது. உண்மைக் கப்பல் இழந்துவிட்ட வண்ணங்களையும் பாய்களையும் காண விழைவோர் மாதிரியைத்தான் நோக்க வேண்டும். உண்மைப் பொருள் தன் எதிரிலேயே நிற்கவும் மாதிரிக்கு வேலை இருக்கிறது எனின், உண்மைப் பொருள் அழிந்துபட்ட இடத்தில் அதன் மதிப்பைச் சொல்லவேண்டுவதில்லை.

நம் நாட்டு இளைஞரிடையே இப்பொழுதுபோக்கு அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. ரெவல், ஏர்பிக்ஸ் முதலிய நிறுவனங்களின் பிளாஸ்டிக் தொகுப்புகளை வாங்கிப் பசையிட்டு ஒட்டுவோர் உளர். மரத்துண்டுகளைக் கொண்டு பொறுமையுடன் இழைத்து உருவாக்குவோரும் உளர். அவர்கள் செய்வது பெரும்பாலும் எது? 1805இல் டிரபால்கர்ப் போரில் நெல்சன் உயிர்நீத்த விக்டரி என்னும் கப்பல். அல்லது கொலம்பசின் சாந்தா மரியா. அல்லது தேயிலை ஏற்றிச் சென்ற கட்டி சார்க். இவற்றைச் செய்வது குற்றமென்று நாம் கூறவில்லை. கைப்பழக்கம் எதிலும் வரலாம். எனினும் கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ பிறந்த ஒருவன், விக்டரியின் முன்மரத்தில் எத்தனை கயிறுகள் எங்கெங்கே கட்டப்படும் என்பதை அறிந்திருந்து, தன் பாட்டனார் ஏறிச் சென்ற தோணிக்குப் பாய்மரம் எவ்விடத்தில் நின்றது என்பதை அறியாதிருத்தல் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதில் அவனைக் குறை கூறிப் பயனில்லை. விக்டரிக்கு வரைபடம் உண்டு. உலகின் எம்மூலையிலும் அதனை வாங்கலாம். நம் தோணிக்கும் வள்ளத்துக்கும் வத்தைக்கும் அவ்வாறு எளிதிற் கிடைக்கும் வரைபடம் ஏது? மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு தொடர்புபடுத்தி விளக்குவோர் உண்டு. மேடைகளில் அவ்விளக்கத்தைப் பெருமையோடு கூறுகிறோம். வள்ளல் சீதக்காதியின் வாணிகத்தையும் கொடையையும் ஆண்டுதோறும் போற்றுகிறோம். அவ்வள்ளலின் சரக்கேற்றிய கலம் எத்தனை முழம், அடிமரம் எம்மரம், பலகைகள் ஆணியால் அறையப்பட்டனவா கயிற்றால் தைக்கப்பட்டனவா என்று ஒரு மாணவன் எழுந்து வினவினால் நம்முள் விடை கூறவல்லார் யார்?

தமிழாசிரியராகிய நம் இனத்தாரின் நிலையும் இவ்விடத்து வியந்து கூறத்தக்கதன்று. வங்கம், நாவாய், அம்பி, திமில், பஃறி என்னும் சொற்கள் பாடத்தில் வருந்தோறும் 'ஒருவகை மரக்கலம்' என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம். அகராதிகளும் பல இடங்களில் அவ்வாறே செய்கின்றன. எவ்வகை என்ற வினாவை மாணவர் கேட்பதில்லை என்பதே நமக்குள்ள பாதுகாப்பு.

நம் கலங்களை அளந்து வைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் தமிழரல்லர், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. எட்மோன் பாரிஸ் என்பது அவர் பெயர். (நகரத்தின் பெயரும் அதுவே ஆகலின் மாணவர் மயங்க வேண்டா.) மும்முறை உலகைச் சுற்றி வந்த அவர், நங்கூரமிட்ட இடந்தோறும் அவ்வூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். ஐரோப்பியரல்லாத மக்களின் கப்பல் கட்டும் முறை பற்றிய அவருடைய பெருநூல் 1841 முதல் 1843 வரை வெளிவந்தது. சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் சலங்கும் தோணியும் அதில் அளவுகளோடு இடம்பெற்றுள்ளன. 1871 முதல் 1893இல் மறையும்வரை பிரான்சின் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்றிருந்த அவர், தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளையும் செய்வித்தார். அவருக்குப் பின் சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920இல் விரிவாக எழுதினார். இவ்விருவர்க்கும் நாம் பட்ட கடன் பெரிது. ஆயின் நம் பாட்டன்மார் கட்டிய கலத்தின் வடிவை அறியப் பாரிசு நகர் வரை செல்ல நேர்ந்தமை நமக்குப் பெருமை தருவதன்று.

சலங்கு என்பதனைச் சற்று விரித்துரைப்போம். ஆங்கிலேயர் இதனை மசூலாப் படகு என்றனர். சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், பெருங்கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழத்தில் நின்றன. பயணிகளையும் சரக்கையும் அலைகளினூடே கரைக்குக் கொணர்ந்தவை இச்சலங்குகளே. ஆங்கிலேயரின் உறுதியான படகுகள் அவ்வலையில் மோதி உடைந்தன, சலங்கு உடையவில்லை. காரணம் அதன் கட்டுமானத்தில் உள்ளது. அதில் ஆணி இல்லை. உள்ளே விலாச்சட்டமும் இல்லை. பலகையோடு பலகையைச் சேர்த்து, இணைப்பின்மேல் நாரோ வைக்கோலோ திணித்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். அலை அடிக்கும்போது படகின் உடல் வளைந்து கொடுக்கும். மணலில் மோதும்போது நெகிழ்ந்து பின் நிமிரும். நீர் கசியும், இறைத்துக்கொள்வர்.

இதனை நூலிற் படித்து அறியலாமே, மாதிரி எதற்கு என்று வினவலாம். செய்து பார்த்தாலன்றி விளங்காத செய்திகள் பல. பசையிட்டு ஒட்டிய சலங்கு மாதிரி சலங்கன்று. துளையிட்டுத் தைக்கத் தொடங்கிய பின்னரே, துளை பலகை ஓரத்துக்கு மிக அண்மையில் இருந்தால் பலகை பிளக்கும் என்பதும், மிக விலகினால் தையல் இறுகாது என்பதும், திணிப்பு இல்லாத தையலில் நீர் நில்லாது என்பதும் கைக்குத் தெரியவரும். கை அறிந்ததைக் கண் மறப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஐவரோடு ஒரு கடற்கரையூர் சென்று, கரையேற்றியிருந்த பழைய வள்ளம் ஒன்றை அளந்தோம். அங்கிருந்த முதிய ஓடாவியிடம், "ஐயா, படம் போட்டுக்கொண்டுதான் கட்டுவீர்களா?" என்று ஒரு மாணவர் வினவினார். "படமா? ஏரா வச்சுட்டா மீதியெல்லாம் கண்ணுலே வந்துரும் தம்பி" என்றார் அவர். அடிமரம் ஏரா, விலாச்சட்டம் வங்கு, முன்புறம் அணியம், பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல், பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். ஒரு பிற்பகலில் அவர் கூறிய சொற்கள் நாற்பதுக்கு மேல். அவற்றுட் பாதியை அம்மாணவர்கள் முதன்முறையாகக் கேட்டனர். அவர்களில் இருவர் அதே கரையைச் சார்ந்தவர்கள். சுக்கான் என்பதும் மாலுமி என்பதும் அரபு வழி வந்த சொற்கள் என்பதை அன்று மாலை கூறினோம். மாலுமி என்பதன் மூலம் 'முஅல்லிம்' என்னும் சொல்லே. ஆசிரியரைக் குறிப்பதும் அதுவே. வகுப்பறையில் இதனைச் சொல்லியிருந்தால் குறித்துக்கொண்டு மறந்திருப்பர். கையில் அளவுநாடாவோடு சுக்கானின் அருகே நின்று கேட்டமையால் அது நிலைத்தது.

பொருள் மறையும்போது சொல்லும் உடன் மறையும். பாயை மட்டுமே நம்பி ஓடிய தூத்துக்குடித் தோணிகள் சென்ற நூற்றாண்டு முடியுமுன் மறைந்தன. எஞ்சியவை இயந்திரம் பூண்டன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வந்தன. கட்டுமரங்கள் பல கரைகளில் அருகின. மீனவர் விரைவும் பாதுகாப்பும் உள்ள படகை நாடுவது இயல்பே. அவர் பழமையைச் சுமந்து வறுமையுற வேண்டும் என்று கூற நமக்கு உரிமையில்லை. பழைய கலத்தைக் கடலில் காப்பது அவர் கடமையன்று. அதன் வடிவைக் காப்பது கற்றோர் கடமை.

காவாதுவிட்டால் நேர்வது யாது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. இந்தியக் கடற்படை 2025 மே மாதத்தில் கௌண்டின்யா என்னும் தைத்த கப்பலை ஏற்றுக்கொண்டது. ஐந்தாம் நூற்றாண்டினது எனப்படும் அஜந்தா ஓவியமே அதன் வடிவுக்கு அடிப்படை. வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. ஆகவே ஒரு சுவரோவியத்திலிருந்து கப்பலின் உடலை ஊகித்து, கேரளத்துக் கைவினைஞரைக் கொண்டு தைக்க வேண்டியதாயிற்று. அது நீரில் எவ்வாறு ஒழுகும் என்பதை அறியச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறை துணையோடு மாதிரிச் சோதனையும் நடந்தது. பேரறிஞரும் கப்பற்படையும் நாடும் மாதிரியைச் சிறுபிள்ளை விளையாட்டு என்போர் இதனை நோக்குக. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட கலத்துக்கு ஊகம் தவிர வேறு வழியில்லை. ஐம்பதாண்டுக்கு முன் ஓடிய தோணிக்கும் ஊகமே வழி என்ற நிலை வரலாமா?

செலவு மிகும் என்பர் சிலர். தச்சர் பட்டறையில் கழியும் தேக்குச் சிராய், மூங்கில், தென்னை நார், பருத்தி நூல், ஒரு சிறு அரம், கூரிய கத்தி ஆகியன போதும். காலம் மிகும் என்பது உண்மை. ஒரு மாதிரிக்கு ஓராண்டு ஆகலாம். அதுவே அதன் நன்மையென்றும் நாம் கருதுகிறோம். ஆண்டுக்கொரு கலத்தை எடுத்துக்கொண்டு, வரைபடம் ஒன்று, சொற்பட்டி ஒன்று, மாதிரி ஒன்று என மூன்றையும் துறையில் சேர்த்து வைக்கலாம். பட்ட ஆய்வுக்கு மீண்டும் மீண்டும் ஒரே காப்பியத்தின் உவமைகளை எண்ணிக்கொண்டிருப்பதற்கு இது தாழ்ந்ததன்று. இயற்பியல் துறையினர் சமநிலை பற்றி உதவுவர். மாணவியர் கரைக்கு வர வீட்டார் தயங்கினாலும், வரைபடமும் சொற்பட்டியும் மாதிரியும் வீட்டிலிருந்தே உருவாகக் கூடியவை. ஊர்ப் பெரியோரிடம் நாம் வேண்டுவது பொருளுதவி அன்று. பழைய வீடுகளின் மாடியறையில் கிடக்கும் கப்பற்கணக்கு ஏடுகளையும், சரக்குச் சீட்டுகளையும், பாய்க்கப்பலின் நிழற்படங்களையும் பழைய தாள் கடைக்குப் போடுமுன் ஒருமுறை துறைக்குக் காட்டினாற் போதும்.

முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கது பாக் நீரிணைக் கரையின் வத்தை என்பது நம் கருத்து. அளவிற் சிறியது, பழைய மரவத்தைகளைத் தேடிக் காண்பதும் அரிதன்று. கரையேற்றிய கலத்தின் முனையிலிருந்து முனைவரை நூல்கட்டி, ரசமட்டம் வைத்து நேராக்கி, நீளத்தைப் பத்துக் கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் தூக்குக் குண்டு விட்டு அகலமும் ஆழமும் குறிக்க வேண்டும். இடப்புறத்தை அளந்துவிட்டு வலப்புறமும் அவ்வாறே இருக்கும் என்று எழுதிவிடலாகாது. கையால் கட்டிய கலத்தில் இரண்டும் முற்றும் ஒத்திருப்பது அரிது. அவ்வேறுபாட்டையும் உள்ளவாறே குறித்துக்கொள்ள வேண்டும்.