சாடியில் ஒரு செடிக்குச் சிறை. சீமை முதலுக்கு 64 ஏக்கர்!

செடி ஒன்று, நீதி இரண்டு. இந்நாட்டின் கஞ்சாச் சட்டத்தைப் பற்றி இதனினும் சுருக்கமாகச் சொல்ல நம்மால் இயலாது.

மீரிகமவில் முதலீட்டுச் சபையின் வலயத்தில், 64 ஏக்கர் நிலத்திலே கஞ்சாப் பயிரிட்டு ஏற்றுமதி செய்வதற்கு ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அரசாங்கம் 2025ஆம் ஆண்டு இணக்கமளித்தது. குறைந்தது 50 இலட்சம் டொலர் முதலிட வேண்டும். மத்திய வங்கியில் 20 இலட்சம் டொலர் வைப்பிலிட வேண்டும். விளைந்ததில் ஓர் இலையும் உள்நாட்டில் புழங்கலாகாது. நிபந்தனைகள் இவை. அதே வேளையில், திருகோணமலைப் பட்டினத்து மாடிவீடொன்றின் பல்கனியிலோ, குடாவுக்கு அக்கரையில் சம்பூரிலே ஓர் ஏழைக் கமக்காரனின் முற்றத்திலோ, பூச்சாடியில் அச்செடி ஒன்று நின்றால் என்ன நடக்கும்? பொலிசார் வருவர், செடி சான்றுப் பொருளாகும், வீட்டுக்காரன் எதிரியாவான். டொலர் கொண்டு வருபவனுக்கு அது மருந்துப் பயிர். மண்வெட்டி கொண்டு வருபவனுக்கு அது குற்றப் பயிர். இதுவோ நீதி?

நாம் கஞ்சாவுக்குக் கொடி பிடிக்க வரவில்லை. இதனை முதலிலேயே தெளிவாகக் கூறிவிடுகின்றோம். சட்டம் இன்று உள்ளபடி உள்ளவரை எவரும் ஒரு விதையைக்கூட ஊன்றலாகாதென்பதே வாசகர்களுக்கு நாம் கூறும் புத்திமதி. ஆனால், சட்டத்துக்குப் பணிவது வேறு. சட்டம் நேரானதா என்று கேட்பது வேறு. கேட்பது குடிமக்களின் உரிமை. கேளாதிருப்பது கடமை தவறுதல்.

சட்டம் வந்த வழி

கஞ்சா நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவர் அதனைக் கோரக்கர் மூலி என்பர். மூலிகைகளோடு சேர்த்துச் சுத்தி செய்து, அளவறிந்து, லேகியமாகவும் சூரணமாகவும் நோயாளிக்குக் கொடுத்த மரபு நம் வைத்தியரிடம் நெடுங்காலமாக இருந்து வந்தது. வெள்ளையர் ஆட்சியே 1893இல் இந்தியாவிலே ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டு, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. அளவோடு கொள்வதால் பெருந்தீங்கு இல்லை. அளவு மீறினால் தீங்குண்டு. ஆதலின் முற்றாகத் தடை செய்யாது அனுமதிப்பத்திரத்தாலும் வரியாலும் கட்டுப்படுத்துக என்பதே அதன் முடிவு.

அம்முடிவை அவர்களே பின்னர் மறந்தனர். 1925ஆம் ஆண்டு ஜெனீவாவில் எழுந்த சர்வதேச அபின் ஒப்பந்தத்திற் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் நஞ்சு, அபின், அபாயகர மருந்துகளுக்கான சட்டமாக எழுந்தது. அமைச்சரின் அனுமதியின்றிக் கஞ்சாச் செடியை நடுதலும் குற்றம், பயிரிடலும் குற்றம், வைத்திருத்தலும் குற்றம். ஒரு செடி, ஒரு தோட்டம் என்ற பிரிவினை அத்தடையில் இல்லை. 1984இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. வெள்ளையன் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அவன் எழுதிய தடை மட்டும் போகவில்லை.

இன்னொரு விந்தையையும் காண்க. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம், சித்தம், யூனானி ஆகியவற்றையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் அடக்கி, மருந்து செய்வதற்காக வைத்தியர்களுக்குக் கஞ்சா வழங்க வழி வகுத்தது. மருந்தில் அது சேரலாம். ஆனால் மருந்துக்கென்று அதனை வைத்தியர் வளர்க்கலாகாது. அப்படியாயின் சரக்கு எங்கிருந்து வந்தது? கடத்தற்காரரிடம் பொலிசார் கைப்பற்றி, நீதிமன்றப் பண்டசாலையில் வழக்கு முடியுமட்டும் ஆண்டுக்கணக்காய்க் கிடந்து உலர்ந்ததே மருந்துக்கென அனுப்பப்பட்டது. 2017இல் அந்நாளைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, நூறு ஏக்கரில் அரசின் பாதுகாப்போடு கஞ்சாப் பயிரிடும் யோசனையை வெளியிட்டபோது, இவ்வாறு கிடைக்கும் சரக்கு வீரியம் கெட்டது என்பதையே காரணமாகக் காட்டினார். களவுப் பொருளைக் கொண்டு மருத்துவம் நடத்தும் நாடு, நோயாளிக்காக நேர்மையாய் வளர்ப்பதற்கு மட்டும் அஞ்சுகின்றது!

தாய்மாரின் அச்சம்

இவ்விடத்தில் எதிர்க்கட்சி வழக்கையும் நேர்மையோடு கேட்க வேண்டும். "வடக்கிலும் கிழக்கிலும் இளைஞர் போதையிற் சீரழிகின்றனர், இந்நேரத்தில் வீட்டுக்கு வீடு செடியா?" என்று ஒரு தாய் கேட்பாளாயின், அவளைப் பழைமைவாதியென்று எள்ளி நகையாட நாம் தயாராயில்லை. அவள் அச்சம் நியாயமானது. வளரும் பிள்ளைகள் நாள்தோறும் கஞ்சா புகைப்பின் சித்தப்பிரமை போன்ற மனநோய்க்கு ஆளாகும் அபாயம் மிகுதியென மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. கருவுற்ற பெண்களுக்கும், வாகனம் ஓட்டுவோருக்கும் அது தகாது. இதனை மறைப்பவன் மக்களுக்கு நண்பனல்லன்.

ஆனால் அத்தாயிடம் நாமும் ஒன்று கேட்கின்றோம். அம்மா, உன் பிள்ளையைக் கெடுக்கும் சரக்கு எவர் வீட்டுச் சாடியில் விளைந்தது? "கேரளக் கஞ்சா" என்ற பெயரோடு பாக்கு நீரிணையைக் கடந்து படகிலே பொதி பொதியாக வருவது அது. தனமல்விலவிலும் வெல்லவாயவிலும் காட்டை அழித்து மறைவாய்ப் பயிரிடப்படுவது அது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தடை இருந்தும் பொதி வருவது நின்றதா? காடு அழிவது நின்றதா? தடை உன் பிள்ளையைக் காக்கவில்லை. கடத்தற்காரனின் விலையையே காத்தது. தடுக்கப்பட்ட சரக்குக்கு விலை ஏறும். விலை ஏறிய சரக்குக்கு ஆள் சேரும். சந்தையில் இது சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

கடத்தற்காரனையும் சாடிச் செடிக்காரனையும் ஒரே கூண்டில் நிறுத்துவதாற் பயனடைபவன் கடத்தற்காரனே. பொலிசாரின் கணக்கேட்டில் வழக்கு ஒன்று கூடும். பொதி ஏற்றியவன் அடுத்த துறையில் இறக்கிக்கொண்டிருப்பான். சிறியவனைப் பிடிப்பது எளிது. ஆதலாற் சிறியவனே பிடிபடுகின்றான்.

உலகம் கண்ட வழி

கனடா 2018 ஒக்டோபர் 17 முதல் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கப் பொதுவில் அனுமதித்தது. அதே ஆண்டில், வளர்ந்தோர் தம் தனியிடத்தில் தம் பாவனைக்கு வளர்ப்பதைத் தண்டித்தல் அரசியலமைப்புக்கு முரண் என்று தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மால்டா 2021இலும், ஜேர்மனி 2024 ஏப்ரல் 1 முதலும் வீட்டுச் செடிக்கு எண்ணிக்கை குறித்து வழிவிட்டன. ஜேர்மனியில் வளர்ந்த ஒருவருக்கு மூன்று செடி. சிறுவர் கைக்கு எட்டாமற் காப்பது வளர்ப்பவரின் கடமை. 2020 டிசம்பர் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழுவே 27க்கு 25 என்ற வாக்குகளால் கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியாவும் நீக்கத்துக்கே வாக்களித்தது. குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்கள் இரண்டுக்கு, இச்செடியிலிருந்து பிரித்த சி.பி.டி. என்ற மயக்கந்தராத பொருளாலான மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது.

தொரன்ரோவில் தம்பி தன் வீட்டுப் பல்கனியில் நான்கு சாடி வைத்துத் தண்ணீர் ஊற்றலாம். சம்பூரில் அண்ணன் ஒரு சாடி வைத்தாற் சிறைக்கம்பியை எண்ண வேண்டும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இத்துணை வேற்றுமையா?

எச்சரிக்கையும் உலகிலிருந்தே வருகின்றது. தாய்லாந்து 2022 ஜூன் மாதம் தடையை நீக்கிற்று. ஒழுங்குபடுத்தும் சட்டத்தை மட்டும் உடன் இயற்றவில்லை. தெருவெல்லாம் கடை முளைத்தது. 2025இல் மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாதென்று பின்வாங்க நேர்ந்தது. கதவைத் திறக்குமுன் நிலையை நாட்ட வேண்டுமென்பதே அப்பாடம்.

சம்பூர் கற்ற பாடம்

இனிக் கமக்காரருக்கு வருகின்றோம். 2006ஆம் ஆண்டு போரிலே சம்பூர் மக்கள் ஊரிழந்து அகதிகளாயினர். 2007இல் அவர்தம் மண் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012இல் 818 ஏக்கர் காணி முதலீட்டுச் சபையின் கீழ்க் கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. 2015இலேதான் அந்த ஒதுக்கீடு இரத்தாகி மக்கள் திரும்பினர். 500 மெகாவாற் நிலக்கரி மின்னிலையம் என்றனர், மக்கள் எதிர்த்தனர், 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் நாள் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்தை இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் தொடக்கி வைத்தனர். ஒவ்வொரு முறையும் "அபிவிருத்தி" என்ற சொல் முன்னே வந்தது. காணிக்காரனின் சொல் பின்னே நின்றது.

ஆதலின் நாம் ஐயுறுகின்றோம். இன்று மீரிகமவில் 64 ஏக்கர். நாளை இதே பயிருக்கெனக் கொட்டியாரக் குடாவின் கரையிற் காணி கேட்டு ஒரு கம்பெனி வந்தால், சம்பூர் விவசாயி அங்கே யார்? 50 இலட்சம் டொலர் முதலிட முடியாதவன். ஆகவே பயிர்க்காரனாக முடியாதவன். தன் மண்ணிலே நாட்கூலியாகக் களை பிடுங்கலாம், அவ்வளவே. சிறு கமக்காரனுக்கு இடமில்லாத ஒரு பயிர்த்தொழிலை விவசாயம் என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

பொன் விளையும் என்ற மயக்கமும் வேண்டாம். இச்செடி, குறிப்பாக அயனமண்டலத்துச் சற்றீவா வகை, பகலின் நீளத்தைப் பார்த்துப் பூப்பது. திருகோணமலையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேற்றுமை ஏறக்குறைய ஒரு மணி நேரமே. சீமையில் கோடைக்கென உருவாக்கிய வித்து இங்கே வளருமுன் பூத்துக் குறளாகும். நம் மண்டலத்து வகையோ நெடிதோங்கி, பூ முதிர நெடுநாள் எடுக்கும். அந்நேரம் வாடைமழை வந்தாற் பூங்கொத்துப் பூஞ்சணம் பிடித்து அழுகும். நாருக்கும் விதைக்குமென வளர்க்கும் இனத்திலோ மயக்கப் பொருள் எல்லையைக் கடக்கலாகாது. 2018 முதல் அனுமதி வழங்கிய உத்தராகண்டத்தில் அவ்வெல்லை 0.3 வீதம். நெல்லுக்கே உத்தரவாத விலை பெற முடியாத கமக்காரன் இத்தனை ஆபத்தையும் தனியே சுமக்க முடியாது. கூட்டுறவும், ஆராய்ச்சியும், அரசின் கொள்வனவும் இல்லாமல் இப்பயிரிற் கால் வைப்பது கண்ணைக் கட்டிக் கடலில் இறங்குவதாகும்.

நாம் கேட்பது

முதலாவது: சாடிச் செடியையும் சந்தைச் சரக்கையும் சட்டம் பிரித்தறிய வேண்டும். வளர்ந்தவர் ஒருவர் தம் வீட்டில், பிள்ளைகளுக்கு எட்டாமல், பாராளுமன்றம் குறிக்கும் எண்ணிக்கைக்குள் வளர்ப்பதைச் சிறைக் குற்றமாகக் கொள்ளலாகாது. சிறுவருக்கு விற்பவனுக்கும், பொதி கடத்துபவனுக்கும் தண்டனை இன்றுபோற் கடுமையாகவே இருக்கட்டும்.

இரண்டாவது: சித்த, ஆயுர்வேத மருந்துக்கு வேண்டிய கஞ்சாவை உள்நாட்டுக் கமக்காரர் கூட்டுறவுகள் அனுமதி பெற்று வளர்க்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. முதல் ஆராய்ச்சித் தோட்டத்துக்கு அதனினும் தகுந்த இடம் எது?

மூன்றாவது: ஏற்றுமதித் திட்டம் எதுவாயினும் அதிற் சிறு விவசாயிக்குப் பங்கு வேண்டும், காணிச் சொந்தக்காரரின் சம்மதமின்றி ஒரு பேர்ச் நிலமும் எடுக்கப்படலாகாது.

நான்காவது: போதைக்கு அடிமையானவனை நோயாளியாய் நடத்த வேண்டும். சிறைக்கூடம் அவனைத் திருத்தியதில்லை. பெரிய கள்வரோடு பழக வைத்ததுண்டு.

சட்டத்தரணிகள் இத்திருத்தத்தை எழுதித் தரட்டும். மருத்துவர்கள் நன்மையையும் தீமையையும் ஒளிக்காமல் மக்கட்கு உரைக்கட்டும். கமக்காரர் தம் சங்கங்களிற் கூடித் தீர்மானம் நிறைவேற்றட்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதனைச் சபையில் எழுப்பட்டும். செடி கொடியதெனின் மீரிகமவிலும் அதனைப் பிடுங்கி எறிக. கொடியதன்றெனின் சம்பூர் முற்றத்தில் நிற்பவனைச் சிறைக்கு இழுக்காதீர். இரண்டில் ஒன்றை அரசாங்கம் சொல்லியே ஆக வேண்டும்.