துடைப்பத்துக்குப் பின்னால் ஒரு சிலுவை

எங்கள் ஆலயத்தின் வெஸ்ட்ரி என்னும் பக்க அறையில், மடக்கு நாற்காலிகளும் துடைப்பங்களும் கிடக்கிற மூலையில் ஒரு மரச்சிலுவை நிற்கிறது. முதல் உலகப்போரில் பிரான்சில் இறந்த இந்த ஊர்ப் பையன் ஒருவனின் கல்லறையில் நட்டிருந்தது. அதைச் சாமானோடு சாமானாகப் போட்டுவைத்தது சபையாராகிய நாங்கள் எல்லோரும்தான். இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்து இந்தக் கிராமத்துச் சபையில் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும், இது அவர்கள் ஊர்க் கதை என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. நற்கருணை நாங்களும் இங்கேதான் எடுக்கிறோம். துடைப்பத்தை நாங்களும் அதன்மேல்தான் சாய்த்தோம்.

அந்தப் போரில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. வசதியுள்ளவன் பிள்ளை மட்டும் வீடு திரும்பக்கூடாது என்பதும் ஒரு காரணம். அங்கேயே புதைத்து, மரச்சிலுவை நட்டு, பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் பொறித்த மெல்லிய உலோகப் பட்டைகளை அதில் ஆணியடித்தார்கள். 1917இல் அமைந்த போர்க் கல்லறை ஆணையம், போர் முடிந்தபின் மரத்தை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே அளவுக் கல் நாட்டியது. கேட்ட குடும்பங்களுக்குப் பழைய சிலுவையைக் கொடுத்தார்கள், கேட்பாரற்றவற்றை எரித்தார்கள். கடல் தாண்டிப் போய்க் கல்லறையைப் பார்க்க வக்கில்லாத வீட்டுக்கு, பிள்ளை கிடக்கும் மண்ணில் ஊன்றி நின்ற பொருள் என்று வேறெதுவும் இல்லை. அதை ஆலயத்தில் கொண்டுவந்து வைத்தவர்கள் எங்களை நம்பித்தான் வைத்தார்கள்.

சாமர்செட்டில் மெல்ஸ் என்ற ஊர் ஆலயத்தில், 1917 நவம்பரில் காம்ப்ரே போரில் இறந்த எட்வர்ட் ஹார்னரின் சிலுவை இருக்கிறது. பெரிய வீட்டுப் பிள்ளை. மன்னிங்ஸ் என்ற கலைஞர் வடித்த குதிரை வீரன் சிலை, புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் அமைத்த பீடம், அந்தப் பீடத்திலேயே மரச்சிலுவை. எங்கள் பையனுக்குச் சிலை வைக்க யாருமில்லை, சரி. சுவரில் இரண்டு கொக்கி அடிக்கவுமா ஆளில்லை?

செய்யாமல் விட்டதைவிடச் செய்ததுதான் கொடுமை. சிலுவையின் அடிப்பாகத்தில், தரைக்குள் புதைந்திருந்த அளவுக்கு, சாம்பல் நிறத்தில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆலயத்தைச் சுத்தம் செய்த ஒரு நாளில் வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டு அதைத் தேய்த்துக் கழுவினோம். பளபளப்பாக இருக்கட்டும் என்று மேலே வார்னிஷும் பூசினோம். எந்த மண்ணுக்காக அந்தக் குடும்பம் அதைக் கேட்டு வாங்கியதோ, அந்த மண் எங்கள் சாக்கடையில் போய்விட்டது. பிறகு வெந்நீர்க் குழாய் ஓரமாகவே நிறுத்தினோம், மரம் வெடித்தது. பின்பக்கம் குண்டூசித் தலை அளவில் உளு துளைத்த ஓட்டைகள். தட்டினால் மாவு உதிர்கிறது.

இத்தனைக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் போரில் இறந்தோருக்கான நினைவு ஞாயிறு தவறாமல் நடக்கிறது. பாப்பி மலர் வளையத்தை வெஸ்ட்ரியில்தான் வைத்திருப்போம். சிலுவையைக் கடந்து போய் வளையத்தை எடுத்து, போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர் பொறித்த கல்வெட்டின் கீழே வைத்து, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம்.

பெயர் இருந்த பட்டை கழன்று, குப்பையோடு பெருக்கப்பட்டுவிட்டது. படை எண்ணும் இறந்த தேதியும் இருக்கும் பட்டைகள் ஒற்றை ஆணியில் தொங்குகின்றன. ஆணையத்தின் பதிவேடு கணினியிலேயே கிடைக்கிறது. அந்த எண்ணையும் தேதியையும் அதில் தேடி, எங்கள் கல்வெட்டில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டால் அவன் யாரென்று தெரிந்துவிடும். அதற்குக்கூட எங்களில் ஒருவரும் இதுவரை உட்காரவில்லை.